தோணிக்கு உராய்வுச் சட்டம் பொருத்துதல்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் விளையும் நெல்லும் காய்கறியும் கிழக்கே எழுவான்கரைச் சந்தைகளை அடைவதற்கு நெடுங்காலம் நீர்வழியே துணையாயிருந்தது. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், அத்துறையில் பாதையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை நீங்கிற்று. ஆயினும் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலத்துக்குத் தொலைவில், நீரோரத்தில் கமஞ் செய்வோருக்குச் சிறு தோணி இன்னும் பயன்படும் கருவியே. மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கும் கமக்காரர், தோணியின் விளிம்பை மாத்திரம் கவனியாது விடுவதுண்டு.

துறையிற் கட்டிய தோணி ஓய்ந்து நிற்பதில்லை. ஒவ்வொரு சிற்றலையும் அதனைத் துறைக்கல்லோடு அல்லது மரக்குற்றியோடு உரசுகின்றது. முதலில் நிறப்பூச்சும், பின்னர் மரமும் தேய்ந்து, ஈற்றிற் பலகைப் பொருத்து விரிகின்றது. வெறுந்தோணியில் அப்பொருத்து நீருக்கு மேலே நிற்பதால் பழுது தெரிவதில்லை. மூடைகள் ஏறித் தோணி தாழ்ந்த பின்னரே நீர் கசியத் தொடங்கும். அடியிற் கிடக்கும் விதைநெல் நனைந்து பழுதாகும். நடுவாவியிற் காற்று எழுமாயின் இழப்பு நெல்லோடு நில்லாது.

இத்தேய்வைத் தான் ஏற்றுப் பலகையைக் காக்குமாறு, வெளிப்புறத்தில் நீளவாட்டிற் பொருத்தப்படும் மரமே உராய்வுச் சட்டம். அது தேய்வதற்கென்றே இடப்படுவது. ஆகையால் கழற்றி மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். செம்மையாகப் பொருத்தப்படாத சட்டம், சட்டமே இல்லாதிருப்பதிலும் கேடானது. ஏனெனில் ஒவ்வோர் ஆணித் துளையும் நீர் புகுதற்கு ஒரு வாயிலாகும்.

சட்டத்தை எங்கே இடுவது என்பதைத் தோணியே காட்டும். வழக்கமான சுமையை ஏற்றித் துறையில் நிறுத்தி, பலகை உரசும் இடத்தைக் கரித்துண்டால் குறித்துக்கொள்க. சுமையை இறக்கிய பின்னும் அவ்வாறே குறித்துக்கொள்க. பெரும்பாலும் மேல்விளிம்பை ஒட்டிய ஒரு சட்டம் போதும். கற்படிகளில் அணையும் தோணிக்குக் கீழே இன்னொன்று வேண்டியிருக்கலாம். ஆயின் நிறைசுமையிலும் அது நீர்மட்டத்துக்கு மேலே நிற்றல் அவசியம்.

மரத்தைப் பொறுத்தமட்டில், நன்கு உலர்ந்த தேக்கு மிகச் சிறந்தது, விலையும் அதற்கேற்றதே. பூவரசும் புன்னையும் தோணி வேலைக்குப் பழக்கப்பட்டவை. பூவரசில் நேரான நெடுந்துண்டு கிடைப்பது அரிது. பாலை தேய்வை நன்கு தாங்கும். ஆனால் எளிதில் வளையாது, முன்துளை இடாது ஆணி அறைந்தாற் பிளக்கும். மாமரத்தை மலிவு கருதி வாங்குதல் வீண்; ஈரத்தில் விரைவில் உழுத்துப்போம். எம்மரமாயினும் இழை நேராக ஓடுதலும் கணு இல்லாதிருத்தலும் வேண்டும். மரம் வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவைப்படுமா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்க.

பதினாறு அடித் தோணிக்கு ஒன்றரை அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள சட்டம் பொருந்தும். பலகையை ஒட்டும் முகம் அகன்றும் வெளிமுகம் ஒடுங்கியும் இருக்குமாறு மேல் கீழ் விளிம்புகளைச் சாய்வாகச் சீவுதல் வேண்டும். மழைநீர் தங்காது வழிவதற்கு மாத்திரம் அன்று இச்சாய்வு. மூடைகள் இறங்க இறங்கத் தோணி மேலெழும். அப்போது சதுரமான சட்டம் துறைமேடையின் குறுக்குமரத்தின் கீழே மாட்டிக்கொண்டால் தோணி ஒருபக்கம் சரியும். இறக்குபவர் அதன் உள்ளே நிற்பார்.

அணியத்தின் வளைவுக்கு ஓர் அங்குலச் சட்டம் இணங்காவிடின், அரை அங்குலச் சட்டங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து இடுவதே எளிது. ஆவியில் வளைப்போர் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆவி காட்டுவர். நீளம் போதாவிடின் இரு துண்டுகளின் நுனிகளையும் கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி இணைத்தல் வேண்டும். வெளியே தெரியும் நுனி பின்புறம் நோக்கியிருக்க வேண்டும். முன்நோக்கினால் குற்றியிற் பட்டுக் கிழியும்.

பொருத்தும் வேலையை அணியத்திலிருந்து தொடங்குக. முதலிற் பசையின்றிச் சட்டத்தை இடுக்கிகளால் அல்லது கயிற்றால் இறுக்கி நிறுத்தி, இரு பக்கமும் ஒரே உயரத்தில் உள்ளனவா எனத் தொலைவில் நின்று பார்த்தல் வேண்டும். பின்னர் உட்புற விலா மரங்களாகிய வங்குகளுக்கு நேரே துறப்பணத்தால் துளையிடுக. பலகையை மட்டும் பற்றும் திருகாணி முதல் மோதலிலேயே தளரும். வங்கினுள் ஓர் அங்குலமாவது இறங்கும் நீளமுடையதையே தெரிந்தெடுக்க. வெறும் இரும்பாணி துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். வாவி நீரில் உப்பு இருப்பதால் பித்தளையும் நாளடைவில் வலுவிழக்கும். துருவேறா உருக்கு அல்லது தடித்த நாகமுலாமிட்ட ஆணி தக்கது. செம்பையும் இரும்பையும் ஒரே சட்டத்திற் கலத்தல் கூடாது. இரும்பு விரைவில் அரிபடும்.

துளையிட்டபின் சட்டத்தைக் கழற்றி, மரத்தூளைத் துடைத்து, உள்முகத்துக்கும் துளைகளுக்கும் நிறப்பூச்சுப் பூசிக் காயவிடுக. இதுவே பலர் தவறவிடும் படி. அதன்பின் நீர்காப்புப் பசையைத் தாராளமாகத் தடவித் திருகாணிகளை முடுக்குக. விளிம்பு நெடுகப் பசை பிதுங்கினாலன்றி உள்ளே இடைவெளி உண்டென அறிக. குங்கிலியத்தை எண்ணெயுடன் காய்ச்சிய பழைய கலவையும் இதற்கு உதவும். சிலிக்கோன் பசையின்மேல் நிறப்பூச்சுப் பற்றாது. அதனைத் தவிர்த்தல் நன்று.

பைபர்த் தோணியின் மெல்லிய சுவரில் திருகாணி நிலைத்து நில்லாது. அதற்கு ஊடுருவிச் செல்லும் போல்ட்டும், உட்புறத்தில் மரத்துண்டும் அகன்ற வாசரும் வைத்து நட்டை இறுக்குதல் வேண்டும்.

பழைய ரயர்த் துண்டையும் தும்புக் கயிற்றையும் விளிம்பிற் கட்டுவோர் உளர். கையிற் காசில்லாத காலத்துக்கு அவை குற்றமற்றவை. ஆயின் கயிறு ஈரத்தையும் மணலையும் பிடித்துவைப்பதால் அதன் அடியிலுள்ள பலகை உழுக்கும். அடிக்கடி அவிழ்த்து உலர்த்துதல் வேண்டும்.

இவ்வேலைக்குப் பெரும்போக அறுவடை முடிந்து மரம் உலர்ந்திருக்கும் வெயில்மாதங்கள் உகந்தவை. அடுத்த மாரிக்கு முன்னர் சட்டம் நெடுகக் கைப்பிடிக் கத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க. மந்தமான ஓசை எழும் இடத்தில் திருகாணியைக் கழற்றுக. அது ஈரமாய் வந்தால், அத்துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் பலகையை உலரவிட்டுப் புதுத்துண்டு இடுதல் போதும்.