பாட் சம்மிட்

பாட் சம்மிட் (சூன் 14, 1952 – சூன் 28, 2016) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஆவார். டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கு 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றினார். அவரது காலத்தில் அவ்வணி 1,098 ஆட்டங்களில் வென்று, 208 ஆட்டங்களில் தோற்றது. 8 முறை தேசிய வாகையர் பட்டம் பெற்றது. எந்தவொரு பருவத்திலும் தோல்விகளின் எண்ணிக்கை வெற்றிகளை மிஞ்சவில்லை. பெண்கள் கூடைப்பந்தாட்டத்துக்குப் பணமும் பார்வையாளர்களும் இல்லாத காலத்தில் தொடங்கி, அது நாடறிந்த விளையாட்டாக வளர்ந்தது வரையிலான வரலாற்றை இவரது பணிவாழ்வில் காணலாம்.

இளமைக் காலம்

டென்னசி மாநிலத்தின் கிளார்க்சுவில் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் பாட்ரீசியா சூ எட். வேளாண் குடும்பத்தில் வளர்ந்தார். மூன்று அண்ணன்களுடன் வைக்கோல் பரணில் கூடைப்பந்து விளையாடிப் பழகினார். கிளார்க்சுவில் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததால், மகள் விளையாட வேண்டும் என்பதற்காகவே குடும்பத்தினர் அருகிலுள்ள என்ரியேட்டா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர் மார்ட்டின் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடினார். 1980-இல் திருமணமான பின் சம்மிட் என்னும் பெயரால் அறியப்பட்டார்.

பயிற்றுநராகத் தொடக்கம்

1974-இல் நாக்சுவில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவியாகவும் துணைப் பயிற்றுநராகவும் சேர இருந்தார். அப்போதைய தலைமைப் பயிற்றுநர் விலகியதால், 22-ஆம் வயதில் அப்பொறுப்பு இவருக்கு வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் சீருடைகள் முந்தைய ஆண்டில் டோனட் விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றைத் துவைப்பதும் வெளியூர் ஆட்டங்களுக்கு வண்டி ஓட்டிச் செல்வதும் பயிற்றுநரின் வேலையாகவே இருந்தன. முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 83–84 என ஒரே புள்ளியில் அணி தோற்றது.

கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1972-இலேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் நடைமுறையில் மாற்றம் மெதுவாகவே வந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான கூடைப்பந்து வாகையர் போட்டியை 1982-இல்தான் முதன்முதலாக நடத்தியது.

ஒலிம்பிக் பதக்கங்கள்

கல்லூரிக் காலத்தில் முழங்காலில் கடுமையான காயம் அடைந்த சம்மிட், பயிற்றுநர் பணியுடன் தாமும் பயிற்சி செய்து தேசிய அணியில் இடம்பிடித்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 1976 மொண்ட்ரியால் போட்டியில் அமெரிக்க அணியின் இணைத்தலைவராக ஆடி வெள்ளிப் பதக்கம் வென்றார். 1984 லாசு ஏஞ்சலசு ஒலிம்பிக்கில் இவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது.

வாகையர் பட்டங்கள்

டென்னசி அணி 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டத்தை வென்றது. 1996–97 பருவத்தில் 10 ஆட்டங்களில் தோற்ற பிறகும் அணி பட்டத்தைத் தக்கவைத்தது. அடுத்த பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களிலும் வென்றது. சமீக் ஓல்டுசுகுளோ, தமிகா கேட்சிங்சு, கேண்டசு பார்க்கர் ஆகியோர் இவரிடம் பயின்ற புகழ்பெற்ற வீராங்கனைகள். 2009 பிப்ரவரியில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் 1,000 வெற்றிகளை எட்டிய முதல் பயிற்றுநர் ஆனார்.

பயிற்சி முறை

பந்தைத் தடுத்தாடுவதற்கும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதற்கும் சம்மிட் முதன்மை அளித்தார். பயிற்சியின்போது தம் அணியை ஆண் மாணவர்களுடன் மோதவிட்டார். வகுப்பறை ஒழுங்கிலும் கண்டிப்புக் காட்டினார். வீராங்கனைகள் முதல் மூன்று வரிசைகளில்தான் அமர வேண்டும். காரணமின்றி வகுப்பைத் தவறவிடுபவர் ஆட்டத்தில் இறங்க முடியாது. டென்னசியில் தமது ஆட்டக்காலத்தை முழுமையாக நிறைவு செய்த இவரது வீராங்கனைகள் அனைவரும் பட்டம் பெற்றனர்.

நோயும் ஓய்வும்

2011 ஆகத்து மாதத்தில், 59-ஆம் வயதில், தமக்கு இளவயது அல்சைமர் வகை மறதிநோய் இருப்பதைச் சம்மிட் வெளிப்படையாக அறிவித்தார். நோயை மறைக்கவோ உடனே விலகவோ இல்லை. துணைப் பயிற்றுநர்களிடம் கூடுதல் பொறுப்புகளை ஒப்படைத்து மேலும் ஒரு பருவம் பணியாற்றினார். 2012 ஏப்ரலில் பதவி விலகியபோது, இவரிடம் ஆடியவரும் நெடுங்காலம் துணைப் பயிற்றுநராக இருந்தவருமான ஓலி வார்லிக் அப்பொறுப்பை ஏற்றார். அல்சைமர் ஆய்வுக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்கும் உதவ, சம்மிட் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2016-இல் நாக்சுவில் நகரில் காலமானார்.

மதிப்பும் மரபும்

2000-ஆம் ஆண்டில் நெய்சுமித் நினைவுக் கூடைப்பந்துப் புகழவையில் இவருக்கு இடம் கிடைத்தது. 2012-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான விடுதலைக்கான குடியரசுத் தலைவர் பதக்கத்தை வழங்கினார். ஓய்வு பெற்றபோது, முதல் பிரிவின் ஆண், பெண் அணிப் பயிற்றுநர் அனைவரிலும் அதிக வெற்றி பெற்றவர் இவரே. அந்தச் சாதனை பின்னர் முறியடிக்கப்பட்டது. பெண்கள் அணிப் பயிற்றுநர்களில் 2020-இல் இவரை முந்தியவர் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் தாரா வான்டெர்வீர். சம்மிட்டிடம் பயின்ற பலர் பின்னாளில் பயிற்றுநர்களாகி, அவரது முறைகளைப் பிற கல்லூரிகளுக்கும் கொண்டு சென்றனர்.