சனிக்கிழமை காலை விமானிகள்

நான் விமானம் ஓட்டுவேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "எந்த ஏர்லைன்ஸ்?" எந்த ஏர்லைன்சும் இல்லை, ஈப்போவில் கணக்காளர் வேலை, வார இறுதியில் மட்டும் நான்கு இருக்கை விமானம் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்போ அப்பா டத்தோவா?"

அப்பா லோரி ஓட்டினார். ஏழு ஆண்டுகள் கார் மாற்றாமல், வெளிநாட்டுச் சுற்றுலா போகாமல் சேர்த்த பணத்தில்தான் என் தனியார் விமானி உரிமத்தை எடுத்தேன். எங்கள் கிளப்பில் பெரும்பாலோர் அப்படித்தான். ஒரு பல் மருத்துவர், ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர், டயர் கடை வைத்திருக்கும் சீனர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் ஒருவர். சொந்த விமானம் உள்ளவர் யாரும் இல்லை. கிளப்பின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம்.

இப்படிப்பட்ட கிளப்புகள் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. இன்று ராயல் சிலாங்கூர் பறக்கும் கிளப் என்று அழைக்கப்படுவது 1929இல் தொடங்கியது. அது தோட்டத் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் பொழுதுபோக்குக்குப் பறந்த காலம். நம்மவர்கள் அன்று ஓடுபாதையில் புல் வெட்டியிருப்பார்கள். ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது இந்தக் கிளப்புகளின் சிறு விமானங்களும் ஆட்களும் மலாயாத் தொண்டர் விமானப்படையில் சேர்க்கப்பட்டார்கள். ஆயுதம் இல்லாத பயிற்சி விமானங்களில் செய்தி கொண்டுபோகவும் வேவு பார்க்கவும் பறந்தவர்கள் அவர்கள்.

எங்கள் கிளப் அவ்வளவு பெரிய வரலாறு உடையது அல்ல. ஈப்போ விமான நிலையத்தின் ஓர் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு செஸ்னா 172, ஒரு வெள்ளைப் பலகை, சத்தம் போடும் ஒரு குளிர்பதனப் பெட்டி. 1956இல் வெளிவந்த மாடல் இது. இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த விமானத்தையும் இவ்வளவு செய்ததில்லை. எங்களுடைய இரண்டில் மூத்தது என்னைவிட வயதில் பெரியது. கேட்பவர்கள் முகம் மாறும். ஆனால் 50 மணி நேரம் பறந்தால் எண்ணெய் மாற்றம், 100 மணி நேரத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட ஏடு இருக்கிறது. உங்கள் காருக்கு இருக்கிறதா?

சனிக்கிழமை காலை ஏழரைக்கே கூடிவிடுவோம். மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் மேகம் திரளத் தொடங்கிவிடும். இடிமேகத்தோடு சின்ன விமானத்துக்கு ஒத்துவராது. பறக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். முதலில் வருபவர் நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வர வேண்டும் என்பது எழுதாத விதி. பசியாறிக்கொண்டே வானிலை அறிக்கையைப் பார்ப்போம். புகைமூட்டக் காலத்தில் அதைப் பார்த்ததும் பாதிப் பேர் வீட்டுக்குப் போன் போட்டு, "மதியம் நான் வீட்டில்தான்" என்று சொல்லிவிடுவார்கள். கண்ணால் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு 5 கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு விமானத்தைச் சுற்றி ஒரு வலம். இறக்கையின் அடியில் இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எரிபொருள் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இந்தப் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் தனியே நிற்கும். நம்முடைய ஈரக் காற்றில் இரவெல்லாம் நின்ற தொட்டிக்குள் தண்ணீர் சேர்வது நடக்கக்கூடியதுதான். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 35 லிட்டர் குடிக்கும். ரோன்95 விலையை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், இது வேறு சரக்கு, விலையும் வேறு.

அடுத்தது எடை. நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பெரியவர்களை ஏற்றித் தொட்டியையும் நிரப்பிவிட முடியாது. ஒவ்வொருவரும் தன் எடையைச் சத்தமாகச் சொல்ல, ஒருவர் எழுதிக் கூட்ட வேண்டும். வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்பவர்களுக்காகவே ஒரு தராசு வைத்திருக்கிறோம்.

அந்தத் தராசில் ஏற என் பாட்டி மறுத்துவிட்டார். கிளப்பின் குடும்ப நாள் அன்று. அப்போது அவருக்கு 78 வயது, அதற்குமுன் விமானத்தில் ஏறியதே இல்லை. "அரிசி மூட்டையா நானு?" என்றார். கடைசியில் என்னோடு சேர்ந்து நிற்கச் சம்மதித்தார். என் எடையைக் கழித்துக்கொண்டோம்.

வடக்கே சுங்கை சீப்புட் பக்கம் பறந்தோம். காரில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், மேலே பத்து நிமிடம். பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் அந்தப் பக்கம்தான். இப்போது அங்கே பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளத்தில் நட்சத்திரங்களைக் குத்தி வைத்ததுபோல் இருக்கும். லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. அதன் கோபுரத்தை வைத்துத்தான் அவர் இடத்தைக் கண்டுபிடித்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டு, பிரட்டுக் களம் இங்கே, பால் நிறுக்கிற இடம் அங்கே, ஆஸ்பத்திரி அந்த மேட்டில் என்று காட்டிக்கொண்டே வந்தார். நான் ஒரு சுற்று வளைத்துத் திரும்பினேன். "இவ்வளவு சின்னதா இது?" என்று கேட்டார். விடியுமுன் இருட்டில் வாளியோடு நடந்தவருக்கு அது பெரிய ஊராக இருந்திருக்கும். இறங்கும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

தெற்கே போனால் பத்து காஜா அருகே கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், மதராசிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோனதால் பாதியில் நின்றுபோன கட்டடம். தரையில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். மேலிருந்து பார்க்கும்போதுதான் அதற்கும், அந்தத் தொழிலாளர்களுக்காக எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் உள்ள தூரம் கண்ணில் படுகிறது. கட்டுமான காலத்தில் ஸ்பானியக் காய்ச்சல் வந்து பல தொழிலாளர்கள் இறந்த பிறகு எழுந்த கோயில் அது. அதன் கூரையில் தெய்வ உருவங்களோடு துரையும் நிற்கிறார். இன்னும் மேற்கே போனால் பழைய ஈய லம்பங்கள், காலை வெயிலில் தகடு தகடாக மின்னும். பயிற்சி மாணவர்களுக்கு அவைதான் வழிகாட்டி.

உறவினர்கள் விடமாட்டார்கள். "லங்காவிக்குக் கூட்டிட்டுப் போம்மா, டிக்கெட் காசு நாங்க தந்துடறோம்." முடியாது. தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. அதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். இந்த இரண்டு உரிமங்களுக்கும் இடையில்தான் நம் குடும்பங்கள் பல மாட்டிக்கொள்கின்றன. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை ஓர் அம்மா மகனோடு வந்தார். எஸ்பிஎம் முடித்த பையன், நல்ல தேர்ச்சி. சிறு வயதிலிருந்தே விமானப் பைத்தியம். ஒரு பயிற்சி நிறுவனத்தின் கண்காட்சிக் கூடத்தில் பேசியிருக்கிறார்கள். கட்டணம் சில லட்சம் வெள்ளி. இருக்கும் ஒரே தரை வீட்டை அடமானம் வைக்கப் படிவம்கூடத் தயார். அடுத்த வாரத்துக்குள் பதிவுக்கட்டணம் கட்டினால் கழிவு உண்டாம், கட்டியது திரும்ப வராதாம். "நீங்க சொல்லுங்க தங்கச்சி, பையன் பைலட் ஆயிடுவானா?" என்று என்னைக் கேட்டார். நான் எங்கள் மூத்த பயிற்றுநரைக் காட்டினேன். முப்பது ஆண்டுகள் பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவர் பையனிடம் கேட்ட முதல் கேள்வி: "மெடிக்கல் எடுத்தாச்சா தம்பி?"

எடுக்கவில்லை. பதிவு செய்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா," என்றார் அவர். "முதல்ல மெடிக்கல்."

வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், எங்களைப் போன்ற வார இறுதி ஆட்களுக்கு இரண்டாம் வகுப்பு. அதற்கென்று மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதயம், காது, கண், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கட்டணம் பயிற்சிச் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக் குறைபாடுதான் பெரிய சிக்கல். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள்.

பையன் அந்த அட்டைகளில் தவறினான். மேல்சோதனையிலும் அதே முடிவு. பச்சையும் சிவப்பும் அவனுக்கு ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பதினெட்டு வயது வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

அந்த அம்மா மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. "இது தாய் வழியாத்தான் வருமாமே?" என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான். தாய்க்கு ஒன்றும் இருக்காது, மகனுக்கு வரும். தன் அப்பா தோட்டத்தில் பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் பச்சையையும் சேர்த்துப் பறித்துவிட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்குவார் என்று சொல்லிவிட்டு அழுதார். எங்கள் பயிற்றுநர் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பலகையில் அன்றைக்கு எழுதியிருந்த இரண்டு பறப்புகளும் தாமதமாயின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆசையை ஒடிக்கிறோம் என்று எங்கள் மேல் கோபப்படும் பெற்றோர்களும் உண்டு. நான் கணக்காளர், எண்களோடுதான் பேச முடியும். வணிக உரிமம் கையில் இருந்தால் வேலை கையில் இருக்கிறது என்று பொருள் அல்ல. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது, சுபாங் ஜெயாவில் கேப்டன் சீருடையோடு நூடல்ஸ் கடை போட்டவரின் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அன்று கடனோடு புதிதாக வெளிவந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். எங்கள் பையன்கள் ஓட்டவே கூடாது என்றா சொல்கிறேன்? இல்லை. மருத்துவச் சோதனை முதலில். பிறகு ஒரு கிளப்பில் அறிமுகப் பறப்பு ஒன்று, முடிந்தால் ஐந்தாறு மணி நேரம். மேலே போனதும் வயிற்றைப் பிரட்டுகிறதா, வானொலியில் ஆங்கிலம் காதில் ஏறுகிறதா, பயிற்றுநர் கத்தினால் கை நடுங்குகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுப் பத்திரம் அதற்குப் பிறகு.

கிளப்புகளுக்கும் சொந்தக் கவலை இருக்கிறது. 1965இல் சுபாங் திறக்கும் வரை சுங்கை பீசிதான் கோலாலம்பூரின் விமான நிலையம். ராயல் சிலாங்கூர் கிளப் நெடுங்காலம் இயங்கியது அங்கேதான். பண்டார் மலேசியாத் திட்டத்துக்காக 2018இல் விமானப்படை அங்கிருந்து வெளியேறியது. நகரத்து நிலத்தின் விலை ஏறும்போது, நான்கு இருக்கை விமானங்களுக்கு ஓடுபாதை வேண்டும் என்று கேட்பவர்களின் குரல் யார் காதில் விழும்? எங்கள் கொட்டகையின் வாடகைக் கடிதம் வரும் மாதம் பல் மருத்துவருக்குத் தூக்கம் வராது. அவர்தான் பொருளாளர்.

முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கியவர்மேல் வாளித் தண்ணீர் ஊற்றும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது, இங்கும் உண்டு. பக்கத்து இருக்கையில் பயிற்றுநரின் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட விருட்டென்று ஏறும். என் முறை வந்தபோது அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. டயர் கடைக்காரர் மஞ்சள் கலந்த தண்ணீரை ஊற்றினார். தைப்பூசத்தில் பார்த்து வைத்திருந்தாராம்.

அந்தப் பையன் நான்கு மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சைக்கிளில் வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் விமானம் கழுவுகிற வாளியை எடுத்துக்கொண்டான். இப்போது உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கிறான். எங்கள் மெக்கானிக் அண்ணன் அவனை அருகில் வைத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறார். பகலில் மட்டும் ஓட்டலாம் என்பதுபோன்ற கட்டுப்பாடுகளோடு தனியார் உரிமமாவது கிடைக்குமா என்று ஆணையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். பதில் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதுவரை, இடம் இருக்கும் நாள்களில் என் வலப்பக்கம் உட்கார்ந்து வரைபடத்தை வைத்துக்கொண்டு லம்பங்களை எண்ணுகிறான்.

அவன் அம்மா அதன்பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. போன வாரம் அவனிடம் டிபன் கேரியரில் உளுந்து வடை கொடுத்து அனுப்பியிருந்தார், இருபது பேருக்குப் போதும். நாங்கள் ஏழு பேர்தான் இருந்தோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் கொஞ்சம் போனது.