பழகிய கோபுரத்தைப் புதிதாகப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் கொழும்பில் எடுத்த பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலிமுகத்திடல், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, விகாரமகாதேவி பூங்கா என்று இடம் மாறியிருக்கும். ஆனால் படம் மாறியிருக்காது. நடுவில் குடும்பம் வரிசையாக நிற்கும். கைகள் விறைப்பாகக் கீழே தொங்கும். பின்னால் ஒரு கட்டடம் யாரோ ஒருவரின் தலையிலிருந்து முளைத்தது போல நிற்கும். "கொழும்புக்குப் போனோம்" என்பதற்கு அது சாட்சி. அவ்வளவுதான்.

நம்மில் பலரிடம் அந்தச் சாட்சிகூட இப்போது இல்லை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொரு பொருளாகக் கைவிட்டு வந்தோம். உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் வைத்தவர்கள், பாரமென்று அல்பத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அதன் பெறுமதி பிறகுதான் தெரிந்தது.

அண்மையில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம் என்றார். 2009இல் எல்லாவற்றையும் இழந்து வந்தவர். கணவரின் முகமாக அவரிடம் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் பிரதியிலிருந்து ஸ்ரூடியோவில் பெரிதாக்கிய ஒரு படம் மட்டுமே. இப்போது களனியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மகளோடு இருக்கிறார். மகளுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு துணிக்கடையில் வேலை. அந்த அக்காதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

குனிந்தே நடந்த காலம்

"தங்கச்சி, நான் கொழும்புக்கு முதல் வந்தது 2006இல. ஆனால் கொழும்பை நான் பார்க்கேல்லை. றோட்டைத்தான் பார்த்தன்," என்றார் அக்கா.

அவர் சொன்னது நமக்குப் புரியும். போர்க் காலத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜில் தங்கியவர்களுக்கு நன்றாகவே புரியும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வந்த காரணம், போகும் திகதி எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனாலும் அந்தப் பயம் உடம்பில் தங்கிவிட்டது. அப்படியான நாட்களில் கையில் கமராவோடு ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதை யாராவது நினைத்துப் பார்த்திருப்போமா?

பயம் நம்முடையது மட்டுமல்ல. 1996 ஜனவரி 31ஆம் திகதி கோட்டையில் மத்திய வங்கிக் கட்டடத்தின்மீது நடந்த குண்டுத் தாக்குதலில் தொண்ணூறு பேர் வரையில் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வேலைக்குப் போன, வங்கிக்குப் போன சாதாரண மக்கள் அவர்கள். அதன் பிறகு கோட்டையின் பல வீதிகள் தடுப்புகளுக்குள் போயின. அங்கே படம் எடுப்பது யாருக்கும் முடியாத காரியமாயிற்று.

ஒரு பெண் வரைந்த மணிக்கூட்டுக் கோபுரம்

அப்படி நீண்ட காலம் சனங்களின் கண்ணிலிருந்து மறைந்திருந்த ஒன்றுதான் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம். சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் நடுவீதியில் நிற்கிறது. இதன் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. இதை வடிவமைத்தவர் ஒரு பெண். அப்போதைய ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். 1857இல் இது கட்டி முடிக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 29 மீற்றர். அந்த நாளில் கொழும்பில் இதைவிட உயர்ந்த கட்டடம் இருக்கவில்லை.

பத்து வருடங்கள் கழித்து, 1867இல், இதன் உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டது. நேரம் காட்டிய கோபுரம் கப்பல்களுக்கு வழியும் காட்டத் தொடங்கியது. பிறகு சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழுந்தன. கடலிலிருந்து பார்த்தால் விளக்கு தெரியவில்லை. 1952இல் அதை அணைத்துவிட்டார்கள். கோபுரம் நின்ற இடத்தில்தான் நின்றது. சுற்றியிருந்தவை வளர்ந்து அதை மறைத்துவிட்டன. வீட்டுக்குள்ளே இருந்தபடி எல்லோருக்கும் வழிகாட்டி, கடைசியில் யார் கண்ணிலும் படாமல் போன எத்தனை பெண்களை நமக்குத் தெரியும்!

இப்போது கொழும்பின் அடையாளம் தாமரைக் கோபுரம். பேரை வாவிக் கரையில் 350 மீற்றருக்கும் மேலாக எழுந்து நிற்கிறது. 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. எல்லோரும் அதன் முன்னால் நின்று ஒரே மாதிரிப் படம்தான் எடுக்கிறார்கள். ஆளும் கோபுரமும் ஒரே படத்துக்குள் வர வேண்டுமென்று தரையில் படுத்து எடுப்பவர்களும் உண்டு.

ஈபிள் கோபுரத்துக்குள் போன பெண்

இதே கதை பாரிஸ் நகரிலும் நடந்தது. அங்குள்ள ஈபிள் கோபுரம் 1889இல் கட்டப்பட்டது. அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் அதைப் படம் எடுத்தார்கள். பலரும் தூர நின்று, அடி முதல் நுனி வரை முழுதாக எடுத்தார்கள். 1920களின் பிற்பகுதியில் ஜேர்மைன் குருல் என்ற பெண் வேறொன்றைச் செய்தார். கோபுரத்துக்குள்ளேயே போய், அதன் இரும்புச் சட்டங்களையும் படிகளையும் சில்லுகளையும் அண்ணாந்தும் குனிந்தும் சரிந்தும் எடுத்தார். அந்தப் படங்களில் முழுக் கோபுரம் இல்லை. ஆனால் அதன் பாரமும் பலமும் அவற்றில் தெரிந்தன. பாரிஸ் மக்கள் தினமும் கண்ட கோபுரத்தை முதல் தடவை காண்பது போலக் கண்டார்கள். குருலும் அரசியல் காரணங்களால் நாடு விட்டு நாடு அலைந்தவர்தான்.

"எனக்கு வயது போய்விட்டது, இனி இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகழ் பெற்ற இந்தப் புகைப்படக் கலைஞருக்கு முதல் கமரா கிடைத்தது 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் மலைநாட்டில் காலமானார். அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அக்கா கண்ட நெற்குவியல்

களனி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது களனி ரஜமகா விகாரை. பௌத்தர்களின் பெரிய புனிதத் தலங்களில் ஒன்று. விபீஷணனுக்கும் அங்கே தனிக் கோயில் உண்டு. இன்று நாம் காணும் விகாரை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெலேனா விஜேவர்தன என்ற பெண்மணியின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டது. உள்ளே சோலியஸ் மெண்டிஸ் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன.

அக்கா இரண்டு வருடங்கள் அதன் அருகிலேயே இருந்தும் உள்ளே போனதில்லை. "எங்களுக்கென்ன அங்க வேலை எண்டு இருந்திட்டன்," என்றார். ஒரு போயா நாளில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாராம். வெள்ளைத் தாதுகோபத்தைக் கண்டதும் அக்கா நின்றுவிட்டார்.

"இது எங்கட களத்தில சூடடிச்சுத் தூத்திக் குவிச்ச நெல்லு மாதிரியெல்லோ கிடக்கு!"

அக்கா யாரிடமும் கேட்டுச் சொன்னதல்ல. வயலில் வளர்ந்தவரின் கண் கண்டது. ஆனால் அது உண்மை. தாதுகோபங்களைப் பல வடிவங்களில் கட்டுவார்கள். மணி வடிவம், நீர்க்குமிழி வடிவம் என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. களனித் தாதுகோபத்தின் வடிவம் நெற்குவியல் வடிவம்தான்.

அக்கா மகளின் கைத்தொலைபேசியை வாங்கி, மணல் முற்றத்தின் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு படம் எடுத்தார். உச்சியிலுள்ள கூரிய முடி படத்தில் இல்லை. வெள்ளைச் சரிவு மட்டும் இருக்கிறது. அதன் அடியில் ஒரு வயோதிபத் தாய் குனிந்து விளக்கேற்றுகிறார். பார்ப்பவருக்கு அவர் களத்தில் நெல் அள்ளுவது போலத் தெரிகிறது. களனியைத் தபாலட்டையில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இந்தக் களனியை நான் கண்டதில்லை.

புதிய கோணம் என்பது இதுதான். விலை கூடிய கமராவோ பெரிய படிப்போ அல்ல. நம்முடைய வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளைப் பார்ப்பது. வயலில் வேலை செய்தவர் நெல்லைக் காண்கிறார். தையல் தெரிந்தவர், 2021இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் கம்பிவடங்களில் தறியில் பூட்டிய நூலைக் காணக்கூடும்.

நீங்களும் எடுக்கலாம்

சாதாரணக் கைத்தொலைபேசி போதும். சில எளிய வழிகள் இதோ:

முதலில் கமராக் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறைக் கையால் தொட்ட கண்ணாடியில் எல்லாப் படமும் மங்கலாகத்தான் வரும்.

முழுவதையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒரு கதவு, ஒரு படி, மணிக்கூட்டின் ஒரு முகம் போதும். மிச்சத்தைப் பார்ப்பவரின் மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஒன்றின் ஊடாக எடுங்கள். பஸ் யன்னல், படலை, கொடியில் காயும் உடுப்பு எல்லாமே சட்டமாகும். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியொன்றின் பின்படியில் நின்று, மகளின் சட்டைக்கும் தலையணை உறைக்கும் நடுவில் தாமரைக் கோபுரம் தெரிய அக்கா எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. மழை விட்ட பிறகு தேங்கிய தண்ணீரில் தெரியும் கோபுரத்தையும் எடுத்துப் பாருங்கள்.

உயரமான கட்டடத்தைக் கிட்ட நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னுக்குச் சாய்வது போல வரும். அது கமராவின் பிழையல்ல. நேராக வேண்டுமென்றால் தூரப் போங்கள், அல்லது எதிரிலுள்ள கட்டடத்தின் மாடியிலிருந்து எடுங்கள். பெரிதாகத் தெரிய வேண்டுமென்று திரையை விரித்து இழுத்தால் படம் கெடும். நடந்து கிட்டப் போவதே நல்லது.

வெளிச்சம் பாருங்கள். காலை ஏழு மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் வெயில் சரிந்து விழும். சுவரிலுள்ள ஒவ்வொரு செதுக்கலும் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் கடலைப் பின்னணியாக வைத்து ஆட்களை எடுத்தால் முகம் கறுத்துவிடும். கடல் பக்கமாக நீங்கள் நின்று ஊரை நோக்கி எடுத்துப் பாருங்கள். தண்டவாளமும் வீடுகளும் பொன்னிறமாக வரும்.

கவனிக்க வேண்டியவை

கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகில் ஜனாதிபதி மாளிகை இருக்கிறது. காவலில் நிற்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். இராணுவ முகாம், பொலிஸ் நிலையம், துறைமுகம் போன்ற இடங்களை எடுக்க வேண்டாம். விகாரைக்குப் போனால் செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும்.

மனிதர்களை எடுக்க முன்னர் அவர்களிடம் கேளுங்கள். இதை நாம் மறக்கக் கூடாது. முகாமில் வரிசையில் நின்றபோதும், அழுதபோதும், கூழ்க் கோப்பையோடு இருந்தபோதும் நம்மைக் கேட்காமலே எத்தனை பேர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்! அந்தப் படங்களில் நாம் இருக்கிறோம். ஆனால் எதைக் காட்டுவது என்று முடிவு செய்தவர் வேறு யாரோ.

அந்த நிலையை மாற்ற உலகில் பல பெண்கள் முயன்றிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் 62 கிராமியப் பெண்களின் கையில் கமரா கொடுக்கப்பட்டது. அவர்கள் தங்கள் வயலையும் வீட்டையும் பிள்ளைகளையும் தாங்களே படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படங்களை வைத்துத் தங்கள் தேவைகளை அதிகாரிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். இந்த முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. நமது மாதர் சங்கங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தொலைபேசியைப் பத்துப் பேர் மாறி மாறிப் பாவிக்கலாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். கோயில், குளக்கட்டு, பள்ளிக்கூடம், சந்தை எதுவானாலும் சரி. பத்துப் பேரும் பத்து விதமாக எடுத்து, ஒன்றாக இருந்து பாருங்கள். யார் எதைக் கண்டார், ஏன் கண்டார் என்று பேசுங்கள். அந்தப் பேச்சில் பல விடயங்கள் வெளியே வரும்.

அக்கா களனிப் படத்தைக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து, ஊரிலுள்ள தங்கைக்கு அனுப்பினார். தங்கைக்குக் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு வர வேண்டியிருக்கிறது. பயத்தில் திகதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாராம். படம் கிடைத்ததும் தொலைபேசி எடுத்திருக்கிறார். படம் வடிவா, வடிவில்லையா என்று எதுவும் சொல்லவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்.

"அக்கா, அங்க நிண்டு படம் எடுக்க உன்னை விட்டவையோ?"

"விட்டவை. நீயும் வா. ரெண்டு பேருமாப் போய் எடுப்பம்," என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறார்.