அச்சு யந்திரமும் அதன் மின் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

துணியில் பதிந்த பூவையும் கொடியையும் கண்டு வியப்பவர் பலர். அவ்வண்ணங்களை உரிய இடத்தில், உரிய கணத்தில் பதியச் செய்யும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டியை நினைப்பவர் மிகச் சிலர். அச்சுக் கூடத்தின் ஓரத்தில், சாம்பல் நிறம் பூசிய இரும்பு அலமாரியைப் போல் நிற்கும் அதனைத் தொழிலாளர் ‘பேனல்’ என்று வழங்குவர். யந்திரம் ஓடும் வரையில் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. நின்றுவிட்டாலோ அனைவர் கண்ணும் அதன்மீதே பாயும். பருத்தி விளைவிப்போர், நெய்வோர் ஆகிய நம் அங்கத்தினர் உழைப்பில் ஒரு பெரும் பகுதி இறுதியில் அச்சுக் கூடத்தின் வழியாகவே சந்தையைச் சேருகிறது. ஆதலின் இப்பெட்டியைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் நமக்கு நலம் தரும்.

இன்று திருப்பூர் மாநகராட்சியில் அடங்கியுள்ள நெருப்பெரிச்சலிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பின்னலாடைத் தொழில் ஆழ வேரூன்றியுள்ளது. பின்னல், சாயம், அச்சு, தையல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் தனித்தனிக் கூடங்களில், கூலிக்கு எடுத்துச் செய்யும் முறையில் நடைபெறுகின்றன. அச்சுக் கூடம் இன்று நின்றால் தையல் கூடம் நாளை நிற்கும். சரக்கு கப்பலேறும் தேதி தவறும். ஒரு சிறு ரிலே பழுதானதன் விளைவு, அதனைக் கண்ணாலும் கண்டிராத தையல் தொழிலாளியின் வாரக் கூலியில் வந்து முடியும்.

கையச்சிலிருந்து யந்திர அச்சுக்கு

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் முற்பகுதியில் இயங்கத் தொடங்கிய பின்னர், கோவை வட்டாரத்து ஆலைகளும் கிணறுகளும் மின்சாரத்தின் பயனைப் பெற்றன. ஆயினும் துணி அச்சு நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. நீண்ட மேசையில் துணியை ஒட்டி, மரச்சட்டமிட்ட ஸ்கிரீனை இருவர் இரு பக்கமும் பிடித்து, ஒவ்வொரு வண்ணமாகப் பதித்து வந்தனர். 1963 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் நடந்த நெசவு யந்திரக் கண்காட்சியில், ஹாலந்து நாட்டு ஸ்டார்க் நிறுவனத்தார் உருளை ஸ்கிரீன் அச்சு யந்திரத்தை வெளியிட்டனர். நுண்துளைகள் கொண்ட நிக்கல் உருளைகள் சுழல, அவற்றின் அடியில் துணி நில்லாது ஓட, வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும் முறை அது. கைத்திறனால் நிகழ்ந்த ஒத்திசைவை இங்கே யந்திரமே காத்தாக வேண்டும். அப்பொறுப்பு இன்று மின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சார்ந்துள்ளது.

கிணற்று மேட்டு ஸ்டார்ட்டரின் தம்பி

பம்புசெட் வைத்துள்ள விவசாயிக்கு இப்பெட்டி முற்றிலும் புதியதன்று. அவருடைய மோட்டார் அறையில் உள்ள ஸ்டார்ட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர் உண்டு. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டித்துவிடும் ஓவர்லோடு ரிலே உண்டு. மூன்று பேஸில் ஒன்று தவறினால் மோட்டாரைக் காக்கும் சாதனமும் பல இடங்களில் உண்டு. அச்சு யந்திரத்தின் பெட்டியிலும் இவையே அடிப்படை. வேறுபாடு யாதெனில், கிணற்றில் ஒரு மோட்டார்; இங்கே பல மோட்டார்கள். பட்டையை நகர்த்த ஒன்று, ஒவ்வொரு உருளைக்கும் ஒன்று, பசை இறைக்கப் பல, உலர்த்தும் அறையின் விசிறிகளுக்குச் சில என அவை பெருகுகின்றன.

கிணற்று மோட்டார் ஒரே வேகத்தில் ஓடினால் போதும். அச்சு மோட்டாரின் வேகத்தையோ துணிக்கும் டிசைனுக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். இதற்கென ‘டிரைவ்’ என்னும் சாதனம் உள்ளது. நமக்கு வரும் மாறுதிசை மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. நான்கு துருவ மோட்டாரின் காந்தப் புலம் அதனால் நிமிஷத்திற்கு 1,500 முறை சுழலும். டிரைவ் அம்மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின்னர் வேண்டிய அலைவுடன் மீண்டும் மாறுதிசை மின்சாரமாக்கித் தருகிறது. அலைவை 25 ஆக்கினால் சுழற்சி 750 ஆகும். இவ்வாறு வேகத்தைப் படிப்படியாக ஏற்றவும் இறக்கவும் இயலுகிறது.

இவற்றிற்கெல்லாம் கட்டளையிடுவது பி.எல்.சி. எனப்படும் சிறு கணிப்பொறி. முற்காலத்தில் நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கம்பியால் பிணைத்துச் செய்த வேலையை அது ஒன்றே செய்கிறது. அமெரிக்க மோட்டார் தொழிற்சாலைகளில், கார் மாதிரி மாறும்போதெல்லாம் ரிலே அலமாரிகளின் கம்பிகளைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்த துன்பத்தைத் தீர்க்கவே, ரிச்சர்டு மார்லி குழுவினர் 1968–69 இல் அத்தகைய முதற்கருவிகளுள் ஒன்றை உருவாக்கினர். இப்போது கம்பிகளை மாற்றாமல் கட்டளைகளை மட்டும் மாற்றினால் போதும்.

டிசைன் தப்புவது யாரால்?

நிமிஷத்திற்கு 40 மீட்டர் வேகத்தில் துணி ஓடுவதாகக் கொள்வோம். ஒரு வினாடியில் அது ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் கடந்துவிடும். ஓர் உருளை மற்றோர் உருளைக்கு வினாடியில் நூறில் ஒரு பங்கு பிந்தினாலும், வண்ணம் 6 மில்லிமீட்டருக்கு மேல் விலகிப் பதியும். இலையின் பச்சை இலைக்கு வெளியே விழுந்தால் அத்துணியை எவர் வாங்குவர்? ஆகவே ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு சுழன்றது என்பதை ‘என்கோடர்’ என்னும் உறுப்பு அறிவித்தவண்ணம் இருக்க, பெட்டியிலுள்ள சாதனங்கள் பிழையை இடைவிடாது திருத்துகின்றன.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்கோடரின் செய்தியைக் கொணரும் மெல்லிய கம்பியும், டிரைவிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பியும் ஒரே வழியில் பின்னிச் சென்றால், பின்னதன் சலனம் முன்னதில் கலந்து செய்தியைக் குழப்பக்கூடும். இரண்டிற்கும் தனித்தனிப் பாதை வேண்டும். செய்திக் கம்பியின் மேலுறை முறைப்படி எர்த்துடன் இணைந்திருக்கவும் வேண்டும். இது சரியில்லாத இடத்தில் டிசைன் அவ்வப்போது காரணமின்றித் தப்பும். பழி யந்திரம் ஓட்டுபவர்மீது விழும். துணி கெட்டதற்காகக் கூலி பிடிக்கப்படுவதற்கு முன், பெட்டியைத் திறந்து பார்ப்பதே நியாயமாகும்.

பெட்டியின் பகைவர்

முதற்பகை வெப்பம். டிரைவ்களில் மின்சாரத்தைத் தேக்கும் கபாசிட்டர்கள் உள்ளன. அவற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடுந்தோறும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. கோடையில், உலர்த்தும் அறைக்கு அருகிலேயே நிற்கும் பெட்டியின் நிலையை நாமே ஊகிக்கலாம்.

இரண்டாம் பகை பஞ்சுத் தூசி. பெட்டியின் விசிறிக்கு முன்னுள்ள வடிகட்டியில் அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றோட்டம் நின்றுவிடும். அப்போது கதவைத் திறந்துவைத்து மேசை விசிறியை எதிரே நிறுத்துவது எளிய வழியாகத் தோன்றும். அதனால் வெப்பம் சிறிது குறையலாம். தூசியும் ஈரமும் தடையின்றி உட்புகும். திறந்த மின்முனைகள் ஆட்களின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வாரந்தோறும் வடிகட்டியைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தால் இத்தொல்லையே எழாது.

மூன்றாம் பகை அச்சுப் பசையிலிருந்தே வருகிறது. ரியாக்டிவ் சாய அச்சில் யூரியாவும் சோடா உப்பும் சேர்கின்றன. யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. பிக்மென்ட் அச்சின் பசைகள் பலவற்றில் அம்மோனியா கலப்பதுண்டு. அது செம்பையும் பித்தளையையும் அரிக்கவல்லது. இவை மின்முனைகளில் படிந்தால் இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடு தீயாக மாறவும் கூடும். ஆகையால் கேடு விளைக்கும் அளவுக்குத் தூசியும் தெறிக்கும் நீரும் புகாத ஐ.பி. 54 தரத்துக்குக் குறையாத பெட்டியையே கேட்டு வாங்குதல் தகும். பசை கலக்கும் இடத்திற்கு அருகில் அதனை நிறுத்தலாகாது.

உயிர் காக்கும் விதிகள்

யந்திரத்தினும் மனித உயிர் பெரிது. கீழ்க்கண்டவற்றில் எவ்விதத் தளர்ச்சியும் கூடாது.

1. ஓவர்லோடு ரிலே அடிக்கடி துண்டித்தால் அதன் அளவை உயர்த்திவைத்தல் ஆகாது. துண்டித்ததற்குக் காரணம் காண வேண்டும். பியூஸ் போன இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் அத்தகைய அபாயமே.

2. சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை மாதமொரு முறை அழுத்தி, யந்திரம் நிற்கிறதா என்று சோதித்தல் வேண்டும். அது பி.எல்.சி.யின் கட்டளையை மட்டும் நம்பியிராமல், தனிப் பாதுகாப்பு ரிலே வழியாக மின்சாரத்தைத் துண்டிப்பதாக அமைந்திருத்தல் அவசியம்.

3. உருளைகளின் காவல் மூடியைத் திறந்தால் யந்திரம் நிற்கும்படி வைத்துள்ள சுவிட்சைக் கட்டிப்போடலாகாது. வேலை விரைவாகும் என்று செய்யும் இச்செயல் விரல்களையும் கைகளையும் பலிகொள்ளும்.

4. உலர்த்தும் அறையில் எரிவாயு அடுப்பு இருப்பின், விசிறி ஓடி உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றிய பின்னரே தீ பற்றும்படி அமைத்த கட்டுப்பாட்டைத் தவிர்க்க முயலலாகாது.

5. மெயின் சுவிட்சை நிறுத்திய உடனே டிரைவைத் தொடுதல் கூடாது. 415 வோல்ட் இணைப்பில் உள்ள டிரைவின் கபாசிட்டர்களில் 550 வோல்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் சில நிமிஷங்கள் தங்கியிருக்கும். உறையில் குறித்துள்ள நேரம் காத்திருந்து, மானியால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

6. எர்த் இணைப்பைக் குறித்த காலத்தில் அளந்து, அளவைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மின் வேலையை உரிய தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

யந்திரத்தைக் கடன் பெற்று வாங்குபவர் விலையையும் வேகத்தையும் விசாரிக்கின்றனர். பெட்டியின் வரைபடத்தைக் கேட்பதில்லை. வரைபடம் இல்லாத பெட்டி, பத்திரம் இல்லாத நிலத்தைப் போன்றது. பழுது நேர்ந்த நாளில், எந்தக் கம்பி எங்கே செல்கிறது என்பதைக் கண்டறிவதற்கே நாள் கழியும். அதற்குள் ஸ்கிரீன்களில் பசை உலர்ந்து துளைகள் அடைபடும்.

ஆதலின், பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் நான்கு பொருள்களைப் பெற வேண்டும்: பெட்டியின் முழு வரைபடம், உறுப்புகளின் பட்டியல், பி.எல்.சி. கட்டளைத் தொகுப்பின் நகலும் அதற்குரிய கடவுச்சொல்லும். டிரைவ்களில் வைத்துள்ள அளவுகளின் குறிப்பு. பழைய யந்திரத்தை வாங்குபவர் இவற்றை இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கம்பிகளின் இரு முனைகளிலும் எண் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதும் நன்று. எண்ணில்லாக் கம்பிகள் நிறைந்த பெட்டியைக் கண்டால் விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.

கூட்டாகச் செய்யத்தக்கது

திறமையுள்ள மின் பணியாளரை நிலையாக வைத்துக்கொள்வதும், விலையுயர்ந்த டிரைவை உதிரியாக வாங்கி அடுக்குவதும் தனியொரு சிறு கூடத்தால் இயலாதவை. அண்டையிலுள்ள பத்துக் கூடத்தார் ஒன்றுகூடினால் அவை எளிதாகும். யந்திரம் வாங்கும்போதே ஒரே வகை டிரைவையும் கான்டாக்டரையும் தேர்ந்துகொண்டால், ஓர் உதிரிப் பொருள் பத்துப் பேருக்கும் காவலாகும். சூட்டைத் தொலைவிலிருந்தே காட்டும் கேமரா ஒன்றைப் பொதுவில் வாங்கி, மாதந்தோறும் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துவந்தால், தளர்ந்த இணைப்புகளை அவை தீயாகுமுன் கண்டுகொள்ளலாம். அதே கேமராவும் அதே பணியாளரும் விவசாய அங்கத்தினரின் மோட்டார் அறைக்கும் பயன்படுவர். உரத்தையும் நூலையும் கூட்டாக வாங்கக் கற்ற நமக்கு இது புதிய பாடமன்று.

அங்கத்தினர்களே! அச்சுக் கூடம் உடையவர் நாளைக் காலை தம் பெட்டியின் வடிகட்டியைப் பாருங்கள். வரைபடம் எங்கே உள்ளது என்று விசாரியுங்கள். பம்புசெட் உடையவர் தம் ஸ்டார்ட்டரின் ரிலேயையும் எர்த் கம்பியையும் பாருங்கள். குறை கண்டால் தகுதியுள்ளவரைக் கொண்டு உடனே சீர்செய்யுங்கள். அரை மணி நேரப் பார்வையால் ஓர் உயிரும், ஒரு குடும்பத்தின் கடன் சுமையும் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த சிக்கனம் வேறு யாதுளது?