கம்பி கழன்ற பிறகு வரும் செலவு

பல்லுக்குப் போட்ட கம்பியைக் கழற்றும் நாளோடு சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பல குடும்பங்கள் நினைக்கின்றன. கம்பியின் வேலை பற்களை நகர்த்துவது. நகர்ந்த இடத்தில் அவற்றை நிறுத்தி வைப்பது அதன் பிறகு போடப்படும் ரிடெய்னர். அது தொலைந்தாலோ உடைந்தாலோ புதிதாகச் செய்ய ஆகும் பணம், தொடக்கத்தில் பேசிய சிகிச்சைக் கட்டணத்தில் பெரும்பாலும் சேராது. இரண்டு வருடம் தவணை கட்டி முடித்த பெற்றோருக்கு இது எதிர்பாராத செலவாக வந்து நிற்கிறது.

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள மெல்லிய நார்கள்தான் அதை எலும்புக் குழிக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. கம்பி இழுக்கும்போது ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. நார்களும் இழுபடுகின்றன. கம்பியைக் கழற்றியதும் வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்கு ஏற்பச் சீராக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஈறில் உள்ள நார்களில் ஒரு பகுதி ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஓராண்டுகூடப் போதாமல் போகலாம். நார்வேயைச் சேர்ந்த கோரே ரைட்டன் 1950களில் நாய்களின் பற்களைத் திருப்பி வைத்து ஆராய்ந்தார். 232 நாட்கள் பிடித்து வைத்திருந்த பிறகும் கழுத்தைச் சுற்றிய இந்த நார்கள் இழுபட்ட நிலையிலேயே இருந்தன. திருகலாக முளைத்து நேராக்கப்பட்ட பல் மற்றவற்றைவிட வேகமாகப் பழைய கோணத்துக்குத் திரும்புவதற்கு இதுவே காரணம்.

நார்கள் அடங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் அவருடைய குழுவினரும், பல் பிடுங்கிக் கம்பி போட்டு முடித்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ரிடெய்னரை நிறுத்தி 20 ஆண்டுகள் ஆனபோது, கீழ்வரிசை முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் இருந்தது பத்தில் ஒருவருக்குத்தான் என்று 1988இல் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது. வயது ஏறும்போது கீழ்ப்பற்கள் நெருங்குவது கம்பியே போடாதவர்களுக்கும் நடப்பதுதான். ஆகவே முதல் சில மாதங்கள் நாள் முழுவதும், பிறகு பல்வரிசை நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை இரவில் மட்டும் ரிடெய்னர் அணிவது என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படும் ஆலோசனை. அப்படியானால் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு ரிடெய்னரோடு முடித்துக்கொள்ள முடியாது. மாற்றுச் செலவு விபத்தால் மட்டும் வருவதல்ல, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

ரிடெய்னரில் மூன்று வகைகள் உண்டு. அண்ணத்தில் பதியும் அக்ரிலிக் தகடும் முன்பற்களின் குறுக்கே ஓடும் கம்பியும் கொண்டது ஹாலே ரிடெய்னர். சார்லஸ் ஹாலே என்ற அமெரிக்க மருத்துவர் நூறாண்டுக்கு முன் வடிவமைத்தது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பேச்சு கொஞ்ச நாள் குழறும், ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் வரும், கம்பி தளர்ந்தால் முறுக்கியும் கொடுக்கலாம். இரண்டாவது, பற்களின்மேல் உறைபோல மாட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வெளியே தெரியாது என்பதால் இளைஞர்கள் விரும்புவது இதைத்தான். தூக்கத்தில் பல் நறநறப்பவர்களுக்கு ஓரிரு வருடத்திலேயே விரிசல் விட்டுவிடும், அதை ஒட்டவும் முடியாது. மூன்றாவது, முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய கம்பி. இது தொலையாது. ஆனால் ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுப்போனால் கவனத்துக்கே வராமல் அந்தப் பல் மட்டும் நகரத் தொடங்கும்.

சின்னதாக இருக்கும் பொருளுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் பணம் என்ற கேள்விக்கு விடை, அது செய்யப்படும் விதத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தகட்டின் விலை மொத்தத்தில் சிறு பங்குதான். மருத்துவர் வாயில் அளவு எடுக்க வேண்டும். மாவுபோன்ற அச்சுப்பொருளை வைத்து எடுத்தால், அது உலர்ந்து சுருங்குவதற்குள் கல்மாவை ஊற்றி மாதிரிப் பல்வரிசையை வார்க்க வேண்டும். ஸ்கேனர் இருக்கும் இடத்தில் வாயைப் படமெடுத்து மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். அந்த மாதிரியின்மேல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைச் சூடாக்கிக் காற்றழுத்தத்தில் படியவைத்து, ஈறை உறுத்தாதபடி ஓரத்தை வெட்டித் தேய்க்கிறார்கள். ஹாலே என்றால் தொழில்நுட்பர் ஒவ்வொரு வளைவையும் குறடால் கையாலேயே வளைக்கிறார். கட்டணத்தில் பெரும்பங்கு மருத்துவரின் நேரத்துக்கும் லேபின் கைவேலைக்கும் போகிறது.

தமிழ்நாட்டு நகரங்களின் தனியார் கிளினிக்குகளில் ஒரு தாடைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மேல், கீழ் இரண்டும் என்றால் அது இரட்டிப்பாகும். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைவிடக் குறைவாக முடியும். ஆனால் கிளினிக்குக் கிளினிக் விலை மாறுகிறது, எங்கும் எழுதி வைத்திருப்பதுமில்லை. நம் நாட்டின் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் பட்ட காயம் தவிர்த்த பல் சிகிச்சையை ஏற்பதில்லை என்பதால், முழுத்தொகையும் கைப்பணம்தான்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே அரசு சுகாதாரச் சேவையில் சிகிச்சை பெறும் சிறுவர்களுக்குக் கம்பியும் முதல் ரிடெய்னரும் இலவசம். தொலைத்துவிட்டாலோ, பார்த்துக்கொள்ளாமல் உடைத்துவிட்டாலோ சிறுவர்களுக்கும் கட்டணம் உண்டு. மிக உயர்ந்த பல் சிகிச்சைக் கட்டணத்தில் 30 விழுக்காடு என்று விதியே இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த உயர்ந்த கட்டணம் 326.70 பவுண்டாக இருந்தது, ஆகவே ஒரு ரிடெய்னருக்கு ஏறக்குறைய 98 பவுண்ட் ஆனது. தொகை சிறியதல்ல. ஆனாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம்மிடம் இல்லாதது இந்த வெளிப்படைத்தன்மைதான்.

செலவைக் கூட்டுவது பெரும்பாலும் தாமதம். கம்பி கழற்றிய முதல் வருடத்தில் ஒரு வாரம் ரிடெய்னர் இல்லாமல் இருந்தாலே, மறுபடி மாட்டும்போது இறுக்கம் தெரியும். இறுக்கமாக இருந்தாலும் முழுதாகப் பதிந்தால் தொடர்ந்து அணியலாம். பதியவே மறுத்தால் கட்டாயப்படுத்தாமல் மருத்துவரிடம் போவது நல்லது. அந்தக் கட்டத்தில் புது ரிடெய்னரோடு வேலை முடியும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் மறுபடி கம்பி போட வேண்டிவரும், அந்தச் செலவு பல ஆயிரங்களில் தொடங்கி, கம்பிக்குப் பதிலாகப் பல்லை நகர்த்த மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் என்றால் லட்சத்தைத் தொடும்.

தொலையும் விதங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஓட்டலில் சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைப்பார்கள், மேசையைத் துடைப்பவர் எச்சில் இலையோடு அள்ளிப் போடுவார். வீட்டு நாய்க்கு எச்சில் வாசம் பிடிக்கும், கடித்துக் குதறிவிடும். வெந்நீரில் கழுவினாலோ, வெயிலில் நிறுத்திய காரில் வைத்தாலோ பிளாஸ்டிக் வளைந்துபோகும். ரிடெய்னரோடு சாம்பார் சாதம் சாப்பிட்டால் மஞ்சள் கறை ஏறும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும் கொஞ்சம் சோப்பும் போதும். வாயில் இல்லாத நேரத்தில் அது டப்பாவில் இருக்க வேண்டும்.

இணையத்தில் விற்கும் பெட்டியை வாங்கி வீட்டிலேயே அளவெடுத்து அனுப்பினால் குறைந்த விலைக்கு ரிடெய்னர் கிடைக்கும் என்ற வழி வெளிநாடுகளில் பரவியது. அளவு பிசகினால் ரிடெய்னரே பல்லை நகர்த்தும், ஈறும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆளும் இல்லை. அமெரிக்காவில் தபால்வழி அலைனர் விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சை பாதியில் நின்றவர்கள் வேறு மருத்துவரைத் தேடி மறுபடி பணம் கட்ட வேண்டியதாயிற்று.

நியாயமாகச் செலவைக் குறைக்கும் வழி வேறு. ஒரே மாதிரியின்மேல் இரண்டாவது பிளாஸ்டிக் ரிடெய்னரை அழுத்தி எடுக்க லேபுக்கு அதிகம் ஆகாது. அதனால் முதல் முறையே ஒரு செட் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். கல்மாவு மாதிரியையோ ஸ்கேன் கோப்பின் பிரதியையோ கேட்டு வீட்டில் வைத்துக்கொண்டால், பற்கள் நகராத வரை அதைக் கொண்டே புதிது செய்யலாம், ஊர் மாறினாலும் கைகொடுக்கும். உடைந்தால் துண்டுகளைத் தூக்கி எறியாமல் எடுத்துச் செல்ல வேண்டும், ஹாலேயைப் பல சமயம் ஒட்டவைத்துவிடுவார்கள்.

பிள்ளைக்குக் கம்பி போடப் போகும் பெற்றோர் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ரிடெய்னர் இந்தத் தொகைக்குள் வருமா, எத்தனை செட் தருவீர்கள், தொலைந்தால் எவ்வளவு ஆகும்?