திரைத் தோற்றமும் தமிழ் எழுத்தின் தெளிவும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்வைத்து

முன்னுரை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் தமிழுக்கு உரியது. நெடுங்காலம் செயற்கைக்கோள் தொடர்பையே நம்பியிருந்த இத்தீவுகளைச் சென்னையுடன் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்றது. அதன்பின் பின்னணிப் படங்களையும் திரைத் தோற்றங்களையும் தரவிறக்கிக் கொள்வது எளிதாயிற்று. விரும்பியவாறு திரையை ஒப்பனை செய்யுங்கால் தமிழ் எழுத்து எவ்வாறு பாதிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கலைச்சொற்கள்

வண்ணம், பின்னணிப் படம், எழுத்துரு, குறும்படம் ஆகியவற்றின் தொகுப்பே 'தீம்' எனப்படுகிறது. இதனைக் 'கருப்பொருள்' என்று பெயர்ப்பாரும் உளர். ஆயின், அச்சொல் அகப்பொருள் இலக்கணத்தில் வேறொரு பொருளில் நிலைபெற்றுவிட்டது. எனவே 'தோற்றத் தொகுதி' என்பது பொருந்தும். பள்ளி அறிவியலில் பொருள்களை ஒளி புகுவன, ஒளி கசிவன, ஒளி புகாதன என மூவகைப்படுத்துவர். கணினிச் சாளரம் பின்னுள்ளதை ஓரளவே காட்டுவதால் அதனை 'ஒளி கசியும் சாளரம்' என்பதே தகும்.

இயங்குமுறை

மேலுள்ள சாளரத்தின் நிறமும் கீழுள்ள படத்தின் நிறமும் ஒரு குறித்த விகிதத்தில் கலக்கப்படுகின்றன. இக்கலப்பின் கணக்கியலை 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் முறைப்படுத்தினர். ஒளி கசியும் சட்டங்களை 2007இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா பரவலாக அறிமுகப்படுத்தியது. பின்னணிப் படத்தின் நிறங்களைக் கொண்டே தோற்றத்தை அமைக்கும் முறை, 2021இல் ஆண்ட்ராய்டு 12 வழியாகக் கைப்பேசிக்கு வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு: வெண்ணிறச் சாளரத்தில் கறுப்பு எழுத்து இருப்பின் ஒளிமாறுபாடு 21:1. அச்சாளரத்தின் அடர்த்தியை 40 விழுக்காடாகக் குறைத்துக் கரும்படத்தின்மேல் வைத்தால் வெண்மை சாம்பலாகிறது. மாறுபாடு ஏறத்தாழ 3.7:1 ஆகச் சரிகிறது. இயல்பான அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது பன்னாட்டு இணைய அணுகல் நெறிகளின் வரையறை.

எழுத்தின் தெளிவு

தமிழில் நுண்ணிய உறுப்புகளே பொருளை வேறுபடுத்துகின்றன. புள்ளி மங்கினால் 'பல்' 'பல' ஆகிவிடும்; மேற்சுழி மறைந்தால் 'கீரி' 'கிரி' ஆகத் தோன்றும்; சுழிகள் கலங்கினால் 'மணம்', 'மனம்' என்னும் வேறுபாடு கெடும். இது தமிழுக்கு மட்டும் உரிய இடர் அன்று. இத்தீவுகளில் மிகுதியானோர் பேசும் வங்காளத்தின் எழுத்தில் பகரமும் ரகரமும் அடியிலிடும் ஒரு புள்ளியாலேயே வேறுபடுகின்றன.

தீவுச் சூழலும் அமைக்கும் முறையும்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் படகுத்துறையில், நண்பகல் வெயிலில் கைப்பேசியைப் பார்ப்பவர் இவ்விடரை எளிதில் உணர்வர். திரையில் பட்டுத் திரும்பும் வெளியொளி மாறுபாட்டை மேலும் குறைக்கிறது. பகலில் வெண்ணிறத் தோற்றமும், இரவில் கருநிறத் தோற்றமும் நலம். ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் கருநிறம் மின்கலத்தின் ஆற்றலையும் மிச்சப்படுத்தும்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், தனிப்பயனாக்கப் பிரிவின் வண்ணங்கள் பகுதியில் ஒளி கசிவை நிறுத்தலாம். ஐஃபோனில் அணுகல் வசதிப் பிரிவில் அதனைக் குறைக்கலாம். லினக்ஸின் கேடிஈ மேசைத்தளத்தில் சாளரத்துக்குச் சாளரம் அடர்த்தியை வரையறுக்கலாம். படிக்கும் சாளரத்தை முழு அடர்த்தியிலும், கடிகாரம் போன்றவற்றை மட்டும் ஒளி கசியவும் அமைப்பது ஏற்புடையது.

முடிவுரை

அழகு கருதிச் செய்யும் மாற்றம் எழுத்தை மறைத்தல் ஆகாது. தோற்றத் தொகுதியை ஆக்குவோர் உரோமன் எழுத்தைக் கொண்டு மட்டும் சோதித்தல் போதாது. 'பல்', 'பல' போன்ற இணைச்சொற்களைத் திரையிலிட்டு, வெயிலிலும் நிழலிலும் படித்துப் பார்த்தல் வேண்டும். புள்ளி தெளிவாகத் தெரியும் திரையே தமிழுக்கு ஏற்ற திரை எனலாம்.