பேரரசர் ஏமாந்தார், ஓவியம் பிழைத்தது! சீனக் கலையில் இதெல்லாம் உண்டு, தெரியுமா?

செத்துப் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும் என்று ஒருவர் ஓர் ஓவியத்தைத் தீயில் போடச் சொன்னார், தெரியுமா? 1650ஆம் ஆண்டு. சொன்னவர் வூ ஹுங்யூ என்ற சீனச் செல்வந்தர். ஓவியமோ சாதாரணமானதல்ல. ஹுவாங் குங்வாங் என்ற ஓவியர் ஏறக்குறைய எண்பது வயதில், மனம் வந்தபோது எடுத்து, வராதபோது சுருட்டி வைத்து, சில ஆண்டுகள் நிதானமாக வரைந்த ஃபூச்சுன் மலைக் காட்சி. வண்ணம் கிடையாது, வெறும் மை, தூரிகை, காகிதம். நண்பர் ஒருவருக்காக வரைந்தது. ‘யாராவது இதைத் தட்டிப் பறித்துவிடுவார்கள், இது எனக்குத்தான் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடு’ என்று அந்த நண்பர் நச்சரித்ததையும் ஓவியர் 1350இல் சுருளின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். நண்பரின் பயம் வீண்போகவில்லை!

தீயில் விழுந்த சுருளை வூவின் சகோதரர் மகன் பாய்ந்து வெளியே இழுத்தார். பெரியவருக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று அதற்குப் பதிலாக வேறொரு சுருளைத் தீயில் போட்டாராம். ஆனாலும் அதற்குள் ஓவியம் இரண்டு துண்டாகிவிட்டது. அரை மீட்டர் நீளச் சிறு துண்டு இன்று சீனாவின் ஹாங்சோவில் இருக்கிறது. ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய துண்டு தைவானின் தைபேயில். இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தது 2011இல்தான், அதுவும் ஒரு கண்காட்சிக்காக.

இருங்கள், சுவாரசியமே இனிமேல்தான்! 1745இல் இந்த ஓவியம் சியன்லோங் பேரரசரின் கைக்கு வந்தது. அவருக்குப் படங்கள் மேல் அப்படி ஒரு பித்து. படம் பிடித்துவிட்டால் போதும், வெற்றிடம் தெரிந்த இடமெல்லாம் கவிதை எழுதுவார், முத்திரை குத்துவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள் வைத்திருந்தவர். இந்த மலைக் காட்சியிலும் ஆண்டுக்கணக்கில், வானமே தெரியாதபடி எழுதித் தள்ளினார். முதல் சுருள் வந்த அடுத்த ஆண்டே இன்னொரு பிரதி அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, ‘இது போலி, ஆனாலும் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம்’ என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார். ஊகித்திருப்பீர்களே? முதலில் வந்ததுதான் போலி. பின்னால் வந்தது அசல்! போலி என்று முத்திரை குத்தப்பட்டதால்தான் அசல் ஓவியம் முத்திரைக் குத்துகளிலிருந்து தப்பியது. பேரரசரின் கண் சரியாக வேலை செய்திருந்தால் இன்று அந்த மலைக்கு மேலே அவருடைய கவிதைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவர் கைக்குத் தப்பாதவையும் உண்டு. வாங் சீச்சி என்ற எழுத்துக்கலை மேதையின் கடிதம் ஒன்று, மொத்தம் 28 எழுத்துகள். பனி பெய்து ஓய்ந்தது, நலம்தானே என்கிற அளவுக்குத்தான் சேதி. நம்மிடம் இருப்பது தாங் அரச மரபுக் காலத்து நகல் என்கிறார்கள். சிறிய காகிதம், சுற்றிலும் சியன்லோங்கின் கையெழுத்தும் சிவப்பு முத்திரைகளுமாய்த் திருவிழாக் கூட்டம். மேலைநாட்டு அருங்காட்சியகத்தில் யாராவது இப்படிச் செய்தால் போலீஸ் வரும். சீனாவிலோ, படத்தை வைத்திருந்தவர்கள் வரிசையாக முத்திரை இடுவதும் கருத்து எழுதுவதும் மரபு. அந்த முத்திரைகளைப் படித்தே ஓர் ஓவியம் எந்த நூற்றாண்டில் யார் வீட்டில் இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். சியன்லோங் மரபை மீறவில்லை, அளவைத்தான் மீறினார் என்பது என் கட்சி.

சரி, ஓவியரின் கையெழுத்தையே 900 ஆண்டுகளுக்கு மேல் யாரும் பார்க்காமல் இருந்த கதை தெரியுமா? கி.பி. 1000 வாக்கில் ஃபான் குவான் வரைந்த மலைக் காட்சி, பட்டுத் துணியில் இரண்டு மீட்டர் உயரம். திரையின் பெரும்பகுதியை ஒரே பாறைமலை அடைத்துக்கொண்டு நிற்கும். அடிவாரத்தில், உற்றுப் பார்த்தால், எறும்பு ஊர்வதுபோல ஒரு கோவேறு கழுதைக் கூட்டம் பொதி சுமந்து போகும். 1958இல் தைவான் அருங்காட்சியக ஆய்வாளர் லீ லின்சான் அந்தக் கழுதைகளுக்குப் பின்னால் இருக்கும் மரத்தின் இலைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். இலைக் கோடுகளுக்கு நடுவே ஃபான் குவான் என்ற பெயர்! எத்தனை பேரரசர்கள், எத்தனை ரசிகர்கள் பார்த்த படம்! ஒருவர் கண்ணிலும் அது பட்டதாகக் குறிப்பே இல்லை.

வாங் சீச்சியிடம் திரும்பினால், அவருடைய தலைசிறந்த எழுத்து இப்போது யாரிடமும் இல்லை. 353ஆம் ஆண்டு நண்பர்களோடு ஓடைக்கரையில் உட்கார்ந்து, மதுக்கிண்ணங்களை நீரில் மிதக்கவிட்டு, கிண்ணம் யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும் என்று விளையாடினார்கள். அந்தக் கவிதைகளுக்கு வாங் எழுதிய முன்னுரையில் ஒரே எழுத்து இருபது இடங்களில் வருகிறது; இருபதும் இருபது வடிவம். முந்நூறு ஆண்டுகள் கழித்துத் தாங் பேரரசர் தைச்சோங் அதற்காக ஏங்கி, அதை ஒளித்து வைத்திருந்த துறவியிடம் மாறுவேடத்தில் அதிகாரியை அனுப்பி நைசாகக் கவர்ந்துவரச் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை. 649இல் அவர் இறந்தபோது அதுவும் கல்லறைக்குள் போய்விட்டது என்கிறார்கள். இன்று எழுத்துக்கலை பழகும் சீனக் குழந்தைகள் பார்த்து எழுதுவது நகல்களை மட்டுமே.

கல்லறை என்றதும் களிமண் வீரர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். 1974இல் சியான் நகருக்கு அருகே கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த படை. ஏறக்குறைய 8,000 பேர் என்று கணிப்பு. ஆனால் சாம்பல் நிறத்தில் நிற்கிறார்களே, அது அவர்களுடைய நிறமே இல்லை! சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று பளிச்சென்று பூசி நிறுத்தியிருந்தார்கள். வண்ணத்துக்கு அடியில் அரக்கு மரப் பாலைப் பூசியிருந்தார்கள். மண்ணுக்குள் ஈரத்தில் 2,200 ஆண்டு கிடந்த அந்தப் பூச்சு, வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களில் சுருண்டு, வண்ணத்தையும் உரித்துக்கொண்டு உதிர்ந்துவிடும். அந்த ஊதா இயற்கையில் கிடைப்பதல்ல. பேரியம், செம்பு, மணல் சேர்த்துச் சூளையில் செயற்கையாக உண்டாக்கியது. இன்னொன்று: இந்தப் படை காவல் நிற்கும் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையில் பாதரச ஆறுகள் ஓடியதாக வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதினார், ஆனால் இந்தப் படையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் கல்லறை மேட்டு மண்ணில் பாதரசம் அதிகம் என்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. மேட்டின் உள்ளே என்ன இருக்கிறது? இன்னும் யாரும் திறக்கவில்லை.

திறந்த கல்லறைகளே போதும் மலைக்க! 1972இல் சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துய் மேட்டில் தோண்டியபோது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீமாட்டி ஒருவரின் பட்டு மேலங்கி கிடைத்தது. கணுக்கால் வரை தொங்கும், நீண்ட கைகளுள்ள முழு அங்கி. எடை 49 கிராம். ஆறு பவுன் நகையைவிட ஒரே ஒரு கிராம் அதிகம்! அதேபோல ஒன்று நெய்து பார்க்க நம் காலத்து நிபுணர்கள் முயன்றால் எடை கூடிக்கொண்டே போனது. இன்றைய பட்டுப்புழு கொழுத்துவிட்டது, அதன் நூலும் தடித்துவிட்டது என்பதைக் கண்டுபிடித்து, புழுவின் உடம்பைக் குறைத்த பிறகுதான் வழிக்கு வந்ததாம்.

ஹூபே மாகாணத்தில் 1978இல் திறந்த ஒரு சிற்றரசரின் கல்லறையில் 65 வெண்கல மணிகள். மொத்தம் இரண்டரை டன் எடை. தட்டினால் இன்றும் பாடும். ஒவ்வொரு மணியிலும் இரண்டு சுரம்! நடுவில் தட்டினால் ஒன்று, ஓரத்தில் தட்டினால் இன்னொன்று. வாய் வட்டமாக இருந்தால் இது நடக்காது. பாதாம் பருப்புபோல இரு பக்கமும் தட்டையாக வார்த்திருக்கிறார்கள். ரீங்காரமும் நீளாமல் சட்டென்று அடங்கும், அடுத்த சுரம் குழம்பாது. எங்கே தட்டினால் என்ன சுரம் என்று மணியிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். கி.மு. 433 வாக்கில்!

சிச்சுவானில் 1986இல் தோண்டிய சான்சிங்துய் குழிகளைப் பற்றி நீட்டி எழுத முடியாது, காரணம் அந்த மக்கள் எழுத்து எதையும் விட்டுவைக்கவில்லை. கண்ணின் கருவிழி உருளையாக வெளியே நீண்ட வெண்கல முகங்கள், நான்கு மீட்டர் உயர வெண்கல மரம். எல்லாவற்றையும் உடைத்து, எரித்து, புதைத்திருக்கிறார்கள். ஏன்? ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை.

சீனக் கோயில் தூணில் கிருஷ்ணர் இருக்கிறார், தெரியுமா? சுவான்சோ துறைமுக நகரில் தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அவர்கள் எழுப்பிய கோயில் அழிந்துபோனாலும் அதன் கற்கள் போகவில்லை. கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார், உரலில் கட்டுண்ட கண்ணன் மரங்களைச் சாய்க்கிறான். கும்பிட வரும் சீனப் பாட்டிகள் இயல்பாகக் கடந்து போகிறார்கள்.

பீங்கானுக்காக ஐரோப்பிய அரசர் ஒருவர் படைவீரர்களையே பண்டமாற்றுச் செய்தார்! சாக்ஸனியின் அகஸ்டஸ் 1717இல் பிரஷ்யாவுக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான் கலங்களை வாங்கிக்கொண்டார். அப்போதே அவருடைய மைசென் ஆலையில் பீங்கான் செய்யும் ரகசியம் பிடிபட்டிருந்தது. ஆனாலும் சீனத்துச் சரக்கு மேல் ஆசை அடங்கவில்லை. அந்தச் சரக்கின் தாயகமான ஜிங்தேஜென்னில் ஒரு கிண்ணம் உருவாக 72 கைகள் மாற வேண்டும் என்று 1637இல் வந்த சீனத் தொழில்நூல் சொல்கிறது. அதே ஊரில்தான் ஆய் வெய்வெய் 1,600 பேரை வைத்துக் கையாலேயே 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைச் செய்வித்து, 2010இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கின் தரையில் கொட்டினார். மக்கள் மேலே நடந்து மகிழ்ந்தார்கள். ஓரிரு நாளில் பீங்கான் தூசி கிளம்பவே, நடப்பதற்குத் தடை!

விலையைக் கேட்டால் தலை சுற்றும். சேவல், கோழி, குஞ்சுகள் வரைந்த, எட்டு சென்டிமீட்டர் அகலக் குட்டிக் கோப்பை ஒன்று. பதினைந்தாம் நூற்றாண்டு மிங் பேரரசர் காலத்து ஜிங்தேஜென் சரக்கு. 2014 ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. எடுத்தவர் லியூ யீசியன், ஒரு காலத்தில் டாக்ஸி ஓட்டியவர். பணத்தைக் கடன் அட்டையில் கட்டினார்; ஒரே இழுப்பில் அவ்வளவும் போகாது என்பதால் 24 தடவை இழுக்க வேண்டியிருந்தது. கோப்பை கைக்கு வந்ததும் முதல் காரியமாக அதில் தேநீர் ஊற்றிக் குடித்தார். அந்தப் படம் வெளியானதும் சீன இணையத்தில் அவருக்குக் கிடைத்த திட்டுக்குக் கணக்கே இல்லை.